பூச்சி மருந்தும் கல்லீரலும் பித்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சி மருந்து என்றாலே நரம்பு, மூச்சுத்திணறல், ஐ.சி.யூ. என்றுதான் பேச்சு போகிறது. கல்லீரலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் உள்ளே போன மருந்தில் பெரும்பகுதியைக் கையாளுவது கல்லீரல்தான், சில வகை மருந்துகள் வெளியே போகிற முக்கியமான வழியே பித்தம்தான். வயலில் மருந்து அடிப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன். இது டாக்டரைப் பார்ப்பதற்குப் பதிலாக அல்ல.

தோலில்தானே பட்டது, வயிற்றுக்குள் போகவில்லையே. கல்லீரலுக்கு என்ன ஆகப்போகிறது?

தோல் வழியாகவே போதுமான அளவு உள்ளே போய்விடும். முதுகில் மாட்டிய டேங்க் கசிந்து பனியன் நனைந்தபடியே அரை நாள் அடிப்பவருக்கு, வாயில் ஒரு சொட்டுகூடப் படாமல் விஷம் ஏறும். வியர்த்திருக்கும் தோல், சிராய்ப்பு உள்ள தோல், தொடை இடுக்கு போன்ற மெல்லிய இடங்கள் இன்னும் வேகமாக உறிஞ்சும். நாஸிலில் அடைப்பு வந்தால் வாயை வைத்து ஊதுவது, டேங்குக்குள் கையை விட்டுக் கலக்குவது, மருந்து அடித்த கையோடு வெற்றிலை போடுவது, இதெல்லாம் நம் ஊரில் கண்ணெதிரே நடப்பதுதான். எந்த வழியாகப் போனாலும் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

கல்லீரல் விஷத்தை முறிக்கும் உறுப்புதானே? அப்புறம் ஏன் பயப்பட வேண்டும்?

முறிக்கும், ஆனால் எப்போதும் முதல் படியிலேயே முறிக்காது. குளோர்பைரிபாஸ், மாலத்தியான், பாரத்தியான் மாதிரியான ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் டப்பாவில் இருக்கும்போது நரம்பைத் தாக்கும் சக்தி அவற்றுக்குக் குறைவு. கல்லீரலில் உள்ள பி450 என்ற நொதிக் கூட்டம் அவற்றில் இருக்கும் கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கிறது. அப்படி உருவாகும் ‘ஆக்சான்’ என்ற பொருள்தான் உண்மையான விஷம், மூலப் பொருளைவிடப் பல மடங்கு வீரியமானது. அதாவது விஷத்தை முழுமையாக்குவதும் கல்லீரல், அடுத்த படியில் அதை உடைப்பதும் கல்லீரல். உடைக்கும் வேலையைப் பாராக்சனேஸ், கார்பாக்சிலெஸ்டரேஸ் என்ற வேறு நொதிகள் செய்கின்றன. இந்த இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதில்தான் அந்த ஆளின் கதி இருக்கிறது.

பிறந்த குழந்தைகளுக்குப் பாராக்சனேஸ் பெரியவர்களைவிட மிகக் குறைவு. மருந்து அடித்த சட்டையோடு வந்து குழந்தையைத் தூக்காதீர்கள் என்று சொல்வது சும்மா பயமுறுத்துவதற்காக அல்ல.

சரி, பித்தம் இதில் எங்கே வருகிறது?

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவுவது அதன் ஒரு வேலை. சிறுநீரில் கரையாத கழிவுகளை வெளியே கொண்டு போவது இன்னொரு வேலை. நீரில் கரையும் சிறிய மூலக்கூறுகள் சிறுநீரகம் வழியாகப் போய்விடும், ஆர்கனோபாஸ்பேட்டின் உடைந்த துண்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் போகின்றன. டி.டி.டி., எண்டோசல்பான், கெப்போன் மாதிரியான ஆர்கனோகுளோரின்கள் (குளோரின் சேர்ந்த பூச்சி மருந்துகள்) கொழுப்பில் கரைபவை. அவற்றில் பலவற்றுக்குப் பித்தமும் மலமும்தான் முக்கியமான வாசல்.

சிக்கல் எங்கே என்றால், பித்தத்தோடு குடலுக்கு வந்த விஷம் அப்படியே மலத்தோடு போய்விடுவதில்லை. பித்த உப்புகளில் சுமார் 95 சதவீதத்தைக் குடல் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்புகிறது. உடம்பு சிக்கனத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. கொழுப்பில் கரையும் மருந்தும் அதே பாதையில் திரும்பி வந்துவிடுகிறது. கல்லீரல், பித்தம், குடல், மறுபடியும் கல்லீரல் என்று சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் சில பூச்சி மருந்துகள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உடம்பை விட்டுப் போவதில்லை.

மனிதர்களிடம் இதை உண்மையில் யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், அதுவும் மிகத் துல்லியமாக. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹோப்வெல் என்ற ஊர். அங்கே பழைய பெட்ரோல் பங்க் ஒன்றை மாற்றியமைத்து, லைஃப் சயன்ஸ் ப்ராடக்ட்ஸ் என்ற நிறுவனம் 1974-ல் கெப்போன் தயாரிக்க ஆரம்பித்தது. அதன் வேதிப்பெயர் குளோர்டெகோன். வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்கும் மருந்து, பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போனது. தொழிற்சாலைக்குள் எங்கு பார்த்தாலும் தூள், அதன் நடுவிலேயே வேலை, அதன் நடுவிலேயே சாப்பாடு.

தொழிலாளர்களுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கண் விழிகள் தாமாக அங்குமிங்கும் ஓடின. எடை குறைந்தது, விந்தணு குறைந்தது. ‘கெப்போன் நடுக்கம்’ என்று அவர்களே பேர் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1975-ல் உள்ளூர் டாக்டர் ஒருவர், இது சாதாரண நடுக்கம் இல்லை என்று சந்தேகப்பட்டு ஒரு தொழிலாளியின் ரத்தத்தை மத்திய நோய்த் தடுப்பு மையத்துக்கு அனுப்பினார். அந்த ஜூலை மாதமே ஆலை மூடப்பட்டது. பரிசோதித்த 133 பேரில் 76 பேருக்கு நோய் இருந்தது. துணியோடு ஒட்டி வந்த தூளால் வீட்டில் இருந்தவர்களின் ரத்தத்திலும் கெப்போன் இருந்தது. கழிவு கலந்ததால் ஜேம்ஸ் ஆற்றில் மீன் பிடிப்பதையே தடை செய்தார்கள்.

பிலிப் குசேலியன் என்ற கல்லீரல் மருத்துவரும் அவர் குழுவும் இந்தத் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கெப்போன் கல்லீரலில்தான் அதிகமாகச் சேர்ந்திருந்தது. பித்தத்தில் தாராளமாக வெளியேறியது, ஆனால் மலத்தில் வந்தது அதில் மிகச் சிறு பங்குதான், மிச்சமெல்லாம் குடலிலிருந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. சரி, திரும்பிப் போகாமல் குடலிலேயே பிடித்து வைத்தால் என்ன என்று யோசித்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கக் கொடுக்கும் கொலஸ்டைரமின் என்ற பொடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது உடம்பில் சேராமல் குடலிலேயே இருந்து பித்த உப்புகளைப் பற்றிக்கொள்ளும் பொருள். கெப்போனையும் பற்றிக்கொண்டது. மலத்தில் வெளியேறுவது சுமார் 7 மடங்கு கூடியது. ரத்தத்தில் கெப்போன் பாதியாகக் குறைய 165 நாள் பிடித்தது 80 நாளாக இறங்கியது. 1978-ல் இது வெளியானது. விஷம் எந்தப் பாதையில் சுற்றுகிறது என்று புரிந்துகொண்டு, அந்தப் பாதையையே மறித்து மனிதர்களைக் குணப்படுத்திய வேலை இது. எனக்கு இந்தத் துறையில் படித்ததிலேயே மிகவும் பிடித்த ஆய்வு என்றால் இதுதான்.

அப்படியானால் மருந்து அடிப்பவர்கள் எல்லோரும் கொலஸ்டைரமின் சாப்பிடலாமா?

கூடாது. இன்று நம் வயலில் அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை கெப்போன் மாதிரி மாதக்கணக்கில் சுற்றுபவை அல்ல. அந்தப் பொடி வைட்டமின்களையும், நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் சேர்த்தே பிடித்துவிடும். டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாத மருந்து அது.

லிவர் டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் நார்மல். அப்போது எனக்கு ஒன்றும் இல்லைதானே?

இதுதான் ரொம்பப் பேர் ஏமாறும் இடம். ஹோப்வெல் தொழிலாளர்களில் 32 பேரின் கல்லீரலைத் தனியாக ஆராய்ந்தார்கள். அதில் 20 பேருக்குக் கல்லீரல் வீங்கியிருந்தது. ஆனால் வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. திசு எடுத்துப் பார்த்தபோது, வெளியிலிருந்து வந்த பொருள்களைக் கையாளும் நொதிகள் இருக்கும் பகுதி செல்லுக்குள் பெருத்திருந்தது தெரிந்தது. கல்லீரல் சாகவில்லை, அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டிருந்தது.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கல்லீரல் செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும் நொதிகள். செல் உடையவில்லை என்றால் அவை ஏறாது. ஆர்கனோகுளோரின் மருந்துகள் செல்லை உடைப்பதைவிட, நொதிகளை அதிகம் உற்பத்தி செய்யத் தூண்டுவதில் கெட்டிக்காரப் பொருள்கள். ஒரு காலத்தில் இந்தக் குணத்தையே வைத்தியத்துக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். பிறவியிலேயே பிலிருபினை (காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பொருளை) கையாளும் நொதி குறைந்த ஒரு வகை மஞ்சள் காமாலைக்கு டி.டி.டி. கொடுத்து அதைக் குறைத்ததாக 1969-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. இன்று நினைத்தால் திக்கென்று இருக்கிறது, ஆனால் டி.டி.டி. கல்லீரலை எவ்வளவு ஆழமாக மாற்றுகிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

ரிப்போர்ட்டில் ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி மட்டும் ஏறி மற்றதெல்லாம் சரியாக இருந்தால், குடிப்பழக்கமா என்றுதான் முதலில் கேட்பார்கள். இப்படி நொதிகளைத் தூண்டும் பொருள்களாலும் அது ஏறலாம். அதனால் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: என்ன வேலை செய்கிறேன், என்னென்ன மருந்து அடிக்கிறேன், கடைசியாக எப்போது அடித்தேன். பாதி டாக்டர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களும் சொல்ல மாட்டீர்கள், அங்கேயே விஷயம் நின்றுவிடும்.

விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத் தனி டெஸ்ட் இருக்கிறதா?

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு வகை மருந்துகளுக்கும், அவை முடக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவைப் பார்ப்பார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ரத்த நீரில் இருப்பது ஒன்று, சிவப்பணுவில் இருப்பது இன்னொன்று. ரத்த நீரில் இருப்பதை உற்பத்தி செய்வதே கல்லீரல்தான். ஆகவே சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) உள்ளவருக்கு, சத்துக்குறைவாக இருப்பவருக்கு, கர்ப்பிணிக்கு, மருந்தே படாவிட்டாலும் அது குறைவாகத்தான் காட்டும். பரம்பரையாகவே குறைந்திருக்கும் குடும்பங்களும் உண்டு. சிவப்பணு அளவு இன்னும் நம்பத்தக்கது, ஆனால் எல்லா லேபிலும் கிடைக்காது.

இதைவிட முக்கியமான ஒன்று சொல்கிறேன். இந்த அளவு ஆளுக்கு ஆள் நிறைய மாறும். உங்களுக்கு வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்று தெரியாமல் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் மருந்து கையாளும் தொழிலாளிக்கு முதலில் அடிப்படை அளவை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு பார்க்கும்போது சிவப்பணு அளவு அதில் 70 சதவீதத்துக்கோ, ரத்த நீர் அளவு 60 சதவீதத்துக்கோ இறங்கினால் அவரை மருந்து வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நம் ஊரில் பருத்திக்கும் நெல்லுக்கும் கூலிக்கு மருந்து அடித்தே பிழைக்கிறவர்களுக்கு இப்படி ஒரு ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும். சீசன் தொடங்கும் முன் ஒரு முறை ரத்தம் எடுத்து வைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை.

கடைக்காரர் இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொல்கிறார். ஒவ்வொன்றும் கொஞ்சம்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொன்றும் கொஞ்சம் என்பது கல்லீரலில் செல்லாத கணக்கு. ஒரு மருந்து, இன்னொரு மருந்தை உடைக்கும் நொதியை முடக்கிவிடலாம். புரோபனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்கள் கார்பாக்சிலெஸ்டரேஸை முடக்கும். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகளை உடைக்க உதவுவதே அந்த நொதிதான். பூச்சிக்குள்ளும் இதே மாதிரி நடப்பதால்தான் இரண்டையும் சேர்த்து அடித்தால் பூச்சி நன்றாகச் சாகிறது. உங்கள் கல்லீரலுக்கு மட்டும் வேறு விதி இல்லை.

1976-ல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் அடித்தார்கள். மனிதர்களுக்கு ஆபத்துக் குறைவான ஆர்கனோபாஸ்பேட் என்று பேர் வாங்கிய மருந்து அது, காரணம் நம் கல்லீரல் அதைச் சட்டென்று உடைத்துவிடும். அப்படிப்பட்ட மருந்தை அடித்த சுமார் 7,500 பணியாளர்களில் 2,800 பேர் வரை விஷத்தால் பாதிக்கப்பட்டார்கள், 5 பேர் இறந்தார்கள். விசாரித்ததில், சில சரக்குகளில் ஐசோமாலத்தியான் என்ற மாசு அதிகமாக இருந்தது தெரிந்தது. மாலத்தியான் கிடப்பில் இருக்கும்போது, குறிப்பாகச் சூட்டில், அதிலேயே உருவாகும் பொருள் அது. மாலத்தியானை உடைக்கும் கல்லீரல் நொதியை அது கட்டிப்போட்டுவிட்டது. பாதுகாப்பானது என்று சொன்னதற்கு எது காரணமோ அதுவே இல்லாமல் போய்விட்டது.

தகரக் கொட்டகையில் போன வருடச் சரக்கை வைத்திருப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். காலாவதியான மருந்து ‘வேலை செய்யாது, அவ்வளவுதான்’ என்று நினைப்பது தவறு. பூச்சிக்கு வேலை செய்யாமல், அடிப்பவருக்கு முன்னைவிட அதிகமாக வேலை செய்யலாம்.

மருந்து அடித்துவிட்டு வந்து கொஞ்சம் குடித்தால் அலுப்புத் தீரும் என்கிறார்களே?

வேண்டாம். உடம்பு வலிக்கு, நெடி போவதற்கு என்று ஒரு குவார்ட்டர் போடும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மருந்தைக் கையாளும் அதே நேரத்தில் கல்லீரலுக்கு இரண்டாவது சுமை.

ஹரிஹர மெஹெண்டாலே என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி அமெரிக்காவில் எலிகளை வைத்து, இதே ‘கொஞ்சம் கொஞ்சம்’ விஷயத்தைக் கெப்போனோடு பல வருடம் ஆராய்ந்தார். எலிக்கு 15 நாள் தீவனத்தில் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவு கெப்போன் கலந்து கொடுத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது, கல்லீரல் சாதாரணமாகவே தெரியும். அப்புறம் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற கரைப்பானை, தனியாகக் கொடுத்தால் எலி தாங்கிக்கொள்ளும் அளவில் கொடுத்தார். எலிகள் செத்தன. அந்தக் கரைப்பானின் கொல்லும் திறன் 67 மடங்கு கூடியிருந்தது, பித்தம் சுரப்பதும் வெகுவாகக் குறைந்தது. காரணத்தைத் தேடிப் போனபோது அவர் கண்டது இதுதான்: சாதாரண எலியின் கல்லீரல் சிறு அடி விழுந்த சில மணி நேரத்திலேயே புதுச் செல்களை உருவாக்க ஆரம்பித்து ஓட்டையை அடைத்துவிடும். கெப்போன் சாப்பிட்ட எலியில் அந்த வளர்ச்சி நடக்கவில்லை. காயம் பெரிதானதைவிட, ஆறாமல் போனதுதான் உயிரை எடுத்தது.

சாராயமும் நம் வயல் மருந்தும் சேர்ந்தால் இத்தனை மடங்கு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அது வேறு பொருள், இது வேறு. ஆனால் ‘தனித்தனியாக ஒன்றும் செய்யாது’ என்பதை நம்பி இரண்டையும் சேர்க்கலாம் என்ற எண்ணத்தை அந்த எலிகள் பொய்யாக்கிவிட்டன.

டப்பாவில் பச்சை முக்கோணம் போட்டிருந்தால் கல்லீரலுக்குப் பயமில்லையா?

அந்த நிறம் சொல்வது வேறு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை, ஒரே தடவை உள்ளே போனால் எவ்வளவு சீக்கிரம் ஆளைக் கொல்லும் என்பதை வைத்துப் போடப்பட்டது. வருடத்துக்கு நாற்பது நாள் வீதம் இருபது வருடம் அடித்தால் கல்லீரல் என்னவாகும் என்று அந்த முக்கோணம் எதுவும் சொல்வதில்லை.

மருந்து அடித்துவிட்டு வந்ததும் தலைசுற்றல், மஞ்சளாக வாந்தி. பித்தம்தானே? எலுமிச்சைச் சாறு கொடுத்தால் போதுமா?

போதாது, தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். வெறும் வயிற்றில் யார் வாந்தி எடுத்தாலும் கடைசியில் மஞ்சளாகப் பித்தநீர் வரும். மருந்து அடித்த அன்று தலைசுற்றலும் வாந்தியும் வந்தால், விஷம் இல்லை என்று தெரியும் வரை அதை விஷமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கண் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்குவது, வாயில் எச்சில் ஒழுகுவது, கண்ணில் நீர் வடிவது, அதிகமாக வியர்ப்பது, வயிற்றுப்போக்கு, நெஞ்சில் சளி கட்டி இழுப்பு, தசை துடிப்பது ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

108-ஐக் கூப்பிடுங்கள். துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுத் தலை முதல் கால் வரை நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், சாணிக்கரைசல் எதுவும் கொடுக்க வேண்டாம். ஆள் மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். டப்பாவை லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். கலந்து அடித்திருந்தால் எல்லா டப்பாக்களையும்.

பூச்சி மருந்தால் பித்தப்பைக் கல் வருமா? மஞ்சள் காமாலை வருமா?

பித்தப்பைக் கல்லுக்கு உடல் பருமன், வயது, பெண்களுக்கு ஹார்மோன், வேகமாக எடை குறைவது, பரம்பரை என்று நன்றாகத் தெரிந்த காரணங்களே நிறைய இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். உங்கள் கல்லுக்குப் பூச்சி மருந்துதான் காரணம் என்று ஸ்கேனைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கடுமையான ஆர்கனோபாஸ்பேட் விஷத்தில் பக்கத்து உறுப்பான கணையம் வீங்கிவிடுவது உண்டு. நரம்புத் தூண்டுதல் மிகுந்து கணையநீர் அளவுக்கு மீறிச் சுரப்பது அதற்கு ஒரு காரணம். சிகிச்சை முடிந்தும் மேல்வயிற்றில் வலி முதுகு வரை போனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காமாலையைப் பொறுத்தவரை, மருந்து அடிப்பவருக்குக் கண் மஞ்சளானால் ஹெபடைடிஸ் வைரஸ், எலிக்காய்ச்சல், குடி, பித்தக்குழாய் அடைப்பு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் நிஜமான சாத்தியம். மலம் வெளிறிப் போய், சிறுநீர் கறுத்து, உடம்பு அரித்தால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம், ஸ்கேன் எடுக்க வேண்டும்.

எலி பேஸ்ட்டும் பூச்சி மருந்து மாதிரிதானா?

இல்லை, கல்லீரலைப் பொறுத்தவரை அது இன்னும் கொடூரமானது. மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள எலி பேஸ்ட் கல்லீரலை நேரடியாக அழிக்கும். தமிழ்நாட்டில் திடீர்க் கல்லீரல் செயலிழப்போடு வருபவர்களில் இதைச் சாப்பிட்டவர்கள் நிறைய, அதிலும் இளம் வயதினர். தமிழக அரசு இதற்குத் தடை போட்டதற்குக் காரணமும் அதுதான். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது.

குடும்பத்தாருக்குத் தெரிய வேண்டியது ஒன்று. முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டு, அப்புறம் ஓரிரு நாள் ஆள் தெளிவாக, நடமாடிக்கொண்டு இருப்பார். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் காமாலை, ரத்தம் உறையாமை, மயக்கம் என்று கல்லீரல் விழும். டாக்டர் இருக்கச் சொன்னால் இருங்கள். கல்லீரல் சிறப்புப் பிரிவும் பிளாஸ்மா மாற்றும் வசதியும் உள்ள மருத்துவமனைக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர்கள் பிழைத்திருக்கிறார்கள்.

மனம் தாங்காமல் இருப்பவர்கள், அப்படி ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று பயப்படுபவர்கள் 14416 அல்லது 104 எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள். மருந்து டப்பாக்களை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டி வைப்பதே பல உயிர்களைக் காப்பாற்றும்.

கீழாநெல்லி சாப்பிட்டால் விஷம் இறங்கிவிடுமா?

கீழாநெல்லி மேல் நம் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988-ல் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தது. 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இல்லாமல் போனதாக அது சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது. வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. எப்படியிருந்தாலும் அது வைரஸ் விஷயம். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் விஷத்துக்கு அட்ரோபின் ஊசி, தேவையானால் மூச்சுக்கருவி, இவைதான் உயிரைக் காக்கும். அந்த நேரத்தில் இலையை அரைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

கொசுவர்த்தியும் லிக்விடும் கல்லீரலைப் பாதிக்குமா?

அவற்றில் இருப்பவை பைரித்ராய்டு வகை. உள்ளே போகும் அளவும் குறைவு, கல்லீரல் அதைச் சீக்கிரம் உடைத்தும்விடுகிறது. சுருளின் புகை நுரையீரலுக்குத்தான் அதிகக் கெடுதல். வலை கட்டிக்கொள்ள முடிந்தால் வலையே மேல்.

காய்கறியைக் கழுவினால் போய்விடுமா?

மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும், தோல் சீவினால் இன்னும் கொஞ்சம் போகும். செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்து கழுவிப் போகாது. கடைசியாக மருந்து அடித்ததற்கும் பறிப்பதற்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்று லேபிளில் இருக்கும், அதை விவசாயி மதித்தால்தான் சாப்பிடுபவருக்கு நிம்மதி. நேற்று அடித்து இன்று பறித்த கத்திரிக்காயை வீட்டுக்கு மட்டும் எடுக்காமல் சந்தைக்கு அனுப்புவது நடக்கிறது. அதை யார் செய்தாலும் தப்புதான்.

கெப்போன் அமெரிக்காவோடு முடிந்த கதைதானே?

முடியவில்லை. பிரான்சின் ஆட்சியில் இருக்கும் கரீபியத் தீவுகளான மார்டினிக், குவாதலூப் இரண்டிலும் 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் அதைப் போட்டார்கள். பிரான்சில் 1990-லேயே தடை வந்தபிறகும் இந்தத் தீவுகளுக்கு விலக்கு கொடுத்து நீட்டித்தார்கள். ஹோப்வெல்லில் நடந்தது ஊருக்கே தெரிந்து பதினைந்து வருடம் ஆன பின்! இன்று அங்கே பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ரத்தத்தில் அது இருக்கிறது. மண்ணில் இன்னும் பல தலைமுறைகளுக்கு இருக்கும். கிழங்குகள், கோழிமுட்டை, கடற்கரை மீன் வழியாக உள்ளே போகிறது. 2009-ல் எளிதில் அழியாத நச்சுப் பொருள்களுக்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் யார் மீதும் வழக்கு நடத்தாமலேயே விசாரணையை முடித்துவிட்டார்கள்.

அந்தத் தீவுகளில் நம் ஆட்களின் வம்சமும் இருக்கிறது. 1853, 1854-லிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிக்குக் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

எனக்கு ஏற்கெனவே ஃபேட்டி லிவர் அல்லது ஹெபடைடிஸ் பி இருக்கிறது. நான் மருந்து அடிக்கலாமா?

முடிந்த வரை வேண்டாம், வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். சிரோசிஸ் என்றால் கண்டிப்பாக வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் முழுக்கைச் சட்டை, நைட்ரைல் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, வாயு வடிகட்டும் முகமூடி எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வது கணக்கில் வராது. காலை வெயில் ஏறும் முன், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று அடியுங்கள். நாஸில் அடைத்தால் பழைய டூத் பிரஷ் போதும். டேங்க் கசிந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள், வாஷரை மாற்றிவிட்டு நாளைக்கு அடிக்கலாம். முடிந்ததும் முதலில் குளியல், அப்புறம்தான் டீ. அந்தத் துணியை மற்றவர்கள் துணியோடு போடாமல் தனியாகத் துவையுங்கள். துவைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான், அவர்களுக்கும் ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுங்கள்.